நேரத்துக்கும் ஒரு சீட்டு போடுவோம்

"அந்த ஃபோனைக் கீழே வை" என்று யாரும் சொல்லாத வீடு இப்போது இருக்கிறதா? அம்மா சொல்கிறார். அப்பா சொல்கிறார் (அவர் கையிலும் ஃபோன் இருக்கிறது என்பது வேறு விஷயம்). கல்லூரியில் எந்தச் சிறப்பு விருந்தினர் வந்தாலும் பேச்சில் பத்து நிமிஷம் இதற்கென்றே ஒதுக்கிவிடுகிறார். பேசி முடித்ததும் அவரோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறோம். இது நல்ல வேடிக்கை.

சோஷியல் மீடியாவைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. "குறை, குறை" என்று சொல்பவர்கள் அதற்கு அடுத்த வரியைச் சொல்வதில்லை என்பதுதான் என் குறை. குறைத்தால் கிடைக்கிற நேரம் எங்கே போகும்? அது தானாக நம் கைக்கு வந்துவிடுமா? வராது என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. அந்த நேரத்தை யார் முதலில் எடுத்து வைக்கிறாரோ அவருக்குத்தான் அது சொந்தம். நாம் எடுத்து வைக்காவிட்டால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

நான் பி.காம். படிக்கிறவன். மனோதத்துவம் எனக்குத் தெரியாது. தெரிந்தது கணக்கு மட்டும்தான். ஆகவே கணக்காகவே பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

உங்கள் ஃபோனின் செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு என்றால் "டிஜிட்டல் வெல்பீயிங்", ஐஃபோன் என்றால் "ஸ்க்ரீன் டைம்" என்று ஒன்று இருக்கும். இரண்டும் 2018-இல் வந்தவை. எந்த ஆப்பில் எத்தனை நிமிஷம் இருந்தீர்கள் என்று அதுவே எழுதி வைத்திருக்கும். திறந்து பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு எண் வரும். நான் கணக்குக்காக 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறேன். "அவ்வளவுதானா, என்னுடையது அதைவிட அதிகமாயிற்றே" என்று சிலர் சிரிப்பது கேட்கிறது. இருக்கட்டும்.

நாளுக்கு 2 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 730 மணி நேரம். நாம் விழித்திருப்பது நாளுக்கு 16 மணி நேரம் என்று வைத்தால், அது ஏறக்குறைய 45 முழு நாட்கள். மூன்று வருஷ டிகிரிக்கு 2190 மணி நேரம். ஓர் ஆபீசில் நாளுக்கு 8 மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு இது 270 நாட்களுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை லீவெல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு வருஷ வேலை.

எங்கள் பாடத்தில் "வாய்ப்புச் செலவு" என்று ஒன்று வரும். ஒரு பொருளின் உண்மையான விலை அதற்குக் கொடுத்த பணம் மட்டும் இல்லை. அந்தப் பணத்தை வைத்து வேறு என்ன செய்திருக்கலாமோ அதுவும்தான். ரீல்ஸ் பார்க்கக் காசு கிடையாது, இலவசம் என்கிறோம். அந்த 2190 மணி நேரத்தில் டாலி படித்திருக்கலாம், சி.ஏ. ஃபவுண்டேஷனுக்கோ பேங்க் எக்ஸாமுக்கோ தயார் செய்திருக்கலாம், கிடார் கற்றிருக்கலாம், பாட்டியோடு உட்கார்ந்து பழைய கதை கேட்டிருக்கலாம், நன்றாகத் தூங்கியாவது இருக்கலாம். எது விட்டுப்போனதோ அதுதான் விலை.

இன்னொரு பாடம் "மூழ்கிய செலவு". கொடுத்தாகிவிட்டது, திரும்பி வராது, அதை நினைத்து அடுத்த முடிவை எடுக்கக்கூடாது என்பது விதி. 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன்னால் 1 ஜிபி டேட்டாவை ஒரு மாதம் முழுக்க வைத்து ஓட்டியவர்கள் நம் அண்ணன் அக்காக்கள். டேட்டா தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. அதுவே அவர்களுக்கு ஒரு பிரேக். இப்போது பெரும்பாலான பேக்குகளில் நாளுக்கு இத்தனை ஜிபி என்று கணக்கு. நள்ளிரவு 12 மணிக்கு மிச்சம் இருப்பது காலாவதி ஆகிவிடும். "இன்னும் 600 எம்பி இருக்குடா, தீர்த்துட்டுத் தூங்கலாம்" என்று ஹாஸ்டலில் ஒருவர் சொல்லாத ராத்திரி உண்டா? பேக்குக்குக் கொடுத்த பணம் மூழ்கிய செலவு. அதைத் "தீர்ப்பதற்கு" நாம் போடும் ஒரு மணி நேரத் தூக்கம் புதுச் செலவு. பழைய செலவைக் காப்பாற்ற புதுச் செலவு செய்பவன் எந்த வியாபாரத்திலும் உருப்பட்டதில்லை.

எதிர்ப்பக்கம் இருப்பவர் யார்?

இதையெல்லாம் நம் மன உறுதியின் குறையாக மட்டும் பார்ப்பது சரியில்லை. எதிர்ப்பக்கம் இருப்பவரையும் பார்க்க வேண்டும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் சொந்தக்கார நிறுவனம் மெட்டா. 2024-இல் அதன் மொத்த வருமானம் சுமார் 164.5 பில்லியன் டாலர். அதில் சுமார் 160 பில்லியன் டாலர் விளம்பரத்திலிருந்து வந்தது. அதாவது 100 ரூபாய் வருமானத்தில் 97 ரூபாய்க்கு மேல் விளம்பரம். விளம்பரத்தை விற்க வேண்டுமானால் அதைப் பார்க்கிற கண்கள் வேண்டும். கண்கள் அதிக நேரம் நின்றால் அதிகம் விற்கலாம். நம் நேரம்தான் அந்தக் கடையின் சரக்கு. நம் பெயரில் எந்தப் பில்லும் வராததற்கு அதுதான் காரணம்.

இதில் சதி ஒன்றும் இல்லை, வியாபாரம்தான். ஆனால் கெட்டிக்காரத்தனமான வியாபாரம். முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் கீழே "அடுத்த பக்கம்" என்று இருக்கும். அதை அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில் "போதும்" என்று தோன்ற வாய்ப்பு இருந்தது. 2006-இல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே போகப்போக முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஃபேஸ்புக்கின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர் 2017-இல் ஒரு நிகழ்ச்சியில் பேசும்போது, பயனாளிகளின் நேரத்தையும் கவனத்தையும் முடிந்த அளவு எப்படி எடுத்துக்கொள்வது என்பதுதான் ஆரம்பத்தில் தாங்கள் யோசித்தது என்றார்.

பொருளாதாரத்தில் 1978-இல் நோபல் பரிசு வாங்கிய ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே ஒன்று சொன்னார். தகவல் பெருகப் பெருகக் கவனம் அரிதாகும் என்பது அதன் சாரம். அரிதான பொருளுக்குத்தான் சந்தையில் விலை. அப்போது இணையமே வீடுகளுக்கு வரவில்லை என்பதை யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான இன்ஜினியர்கள், மறுபக்கம் காஸ்ட் அக்கவுண்டிங் அரியரோடு ஒரு பையன். சண்டை சமமா, நீங்களே சொல்லுங்கள்.

ஆப் போனால் நேரம் வருமா?

"அப்படியானால் டெலிட் செய்துவிடலாமே" என்று தோன்றும். ஆப்பைத் தூக்கிவிட்டால் நேரம் வந்துவிடுமா? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 ஆப்களைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. அப்போது இந்தியாவில் மட்டும் அதற்குச் சுமார் 20 கோடிப் பயனாளிகள் இருந்ததாகச் சொல்லப்பட்டது. யாரும் மன உறுதி எல்லாம் காட்ட வேண்டியிருக்கவில்லை. இரவோடு இரவாக ஆப் போயிற்று. அந்தக் கோடிக்கணக்கான மணி நேரம் நாட்டு மக்களுக்குத் திரும்பக் கிடைத்ததா?

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. அதே வருஷம் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸின் சோதனைப் பதிப்பு வந்தது; அதையும் முதலில் இந்தியாவில்தான் இறக்கினார்கள். நடுவில் மோஜ், டகாடக் என்று உள்ளூர்க் கடைகளும் திறந்தன. டிக்டாக் தடை சரியா தவறா என்பது வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை. நான் பார்ப்பது ஒன்றை மட்டும்தான். காலியான நேரத்தை நாம் என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்குள் அடுத்த கடைக்காரர் வந்து ஷட்டரைத் தூக்கிவிட்டார்.

இன்னொரு உதாரணம் அமெரிக்காவிலிருந்து. 2018-இல் அங்கே இடைக்காலத் தேர்தல் நடப்பதற்கு முந்தைய நான்கு வாரங்களுக்கு, ஸ்டான்ஃபோர்ட், நியூயார்க் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர்கள் சிலருக்குப் பணம் கொடுத்து ஃபேஸ்புக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். அந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. சராசரியாக ஒருவருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமானது. அந்த நேரம் எங்கே போனது தெரியுமா? ஒரு பகுதி குடும்பத்தோடும் நண்பர்களோடும் இருப்பதற்குப் போனது. இன்னொரு பகுதி தனியாக உட்கார்ந்து டிவி பார்ப்பதற்குப் போனது!

நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய மனநிலை கொஞ்சம் நன்றாயிற்று. அரசியல் சூடு தணிந்தது. சோதனை முடிந்த பிறகும் பலர் முன்பைவிடக் குறைவாகவே பயன்படுத்தினார்கள். அதே சமயம் நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்தது. ஆக, விட்டால் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. மிச்சமாகும் நேரம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உருளும்.

சீட்டுப் பணம் எப்படிச் சேர்கிறது?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

சம்பளம் வந்த அன்றைக்கு நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் சீட்டுப் பணத்தை எடுத்துத் தனியாக வைத்துவிடுவார்கள். அப்புறம்தான் அரிசி, பால், கேபிள், கரண்ட். "செலவெல்லாம் போக மிச்சம் இருந்தால் சீட்டுக் கட்டலாம்" என்று எந்த அம்மாவும் நினைப்பதில்லை. மாதக் கடைசியில் மிச்சம் என்று எதுவும் இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் பாடப்புத்தகம் வருமானத்தில் செலவைக் கழித்தால் சேமிப்பு என்கிறது. நம் வீடுகளில் வருமானத்தில் சேமிப்பைக் கழித்தால்தான் செலவு. அதனால்தான் காலேஜ் ஃபீஸும் அக்கா கல்யாணமும் நடக்கிறது.

நேரத்திலும் இதேதான். "இன்ஸ்டாவைக் குறைத்து மிச்சமாகும் நேரத்தில் எனக்குப் பிடித்ததைச் செய்வேன்" என்றால் அது நடக்காது. மிச்சம் வராது. "சாயங்காலம் 6 முதல் 7 வரை எனக்கு" என்று முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியில் இன்ஸ்டா, வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளட்டும். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பழமொழி. போடாதே என்று சொல்லவில்லை, அளந்து போடச் சொல்கிறது.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது? இங்கே ஒரு எச்சரிக்கை. தனக்கான நேரம் என்றதும் பலர் உடனே கோர்ஸ், சர்டிஃபிகேட், ஸ்கில் டெவலப்மென்ட் என்று கிளம்பிவிடுகிறார்கள். மேலே நானே டாலி, சி.ஏ. என்று எழுதியிருக்கிறேன். அதுவும் நல்லதுதான். ஆனால் படிப்புக்கான நேரம் வேறு, தனக்கான நேரம் வேறு. மொட்டை மாடியில் சும்மா உட்கார்ந்திருப்பதும் தனக்கான நேரம்தான். ஃபோட்டோ எடுக்காமல் ஒரு டீ குடிப்பதும்தான். யாருக்கும் காட்ட வேண்டாத, யாரும் லைக் போடத் தேவையில்லாத ஒன்றைச் செய்வது என்று வைத்துக்கொள்ளலாம். நம் வயதில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டால் பலருக்குப் பதில் சொல்ல நேரம் பிடிக்கும். எனக்குப் பயமாக இருப்பது அதுதான். நேரம் போனதைவிட, நேரம் இருந்தால் என்ன செய்வோம் என்பதே மறந்துபோவது பெரிய நஷ்டம்.

எல்லோருக்கும் மொட்டை மாடி இல்லை

இந்த விஷயத்தில் யாரும் பேசாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரே அறையில் நான்கு பேர் இருக்கும் வீடுகள் நம் வகுப்பிலேயே எத்தனை? டிவி ஓடிக்கொண்டிருக்கும், தம்பி சத்தமாகப் படிப்பான், அப்பா யாரிடமோ ஃபோனில் பேசுவார். அந்த வீட்டில் ஒருவருக்குத் தனியாக இருக்கக் கிடைக்கும் ஒரே அறை அந்த ஆறு இஞ்ச் திரைதான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் கதவைச் சாத்திய மாதிரி. அவரிடம் போய் "ஃபோனைக் கீழே வை, உனக்காக நேரம் ஒதுக்கு" என்றால் அவருக்குக் கோபம்தான் வரும். அவரைப் பொறுத்தவரை அதுதான் அவருக்காக ஒதுக்கிய நேரம்.

பெண்கள் நிலைமை இன்னும் சிக்கல். ஃபோனைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்ணை எந்த வீடு விட்டுவைக்கிறது? "சும்மாதானே இருக்கே, அந்தத் துணியைக் கொஞ்சம் மடிச்சு வை" என்று அடுத்த நிமிஷம் குரல் வரும். கையில் ஃபோன் இருந்தால் திட்டு விழும், ஆனால் நேரம் அவளுடையதாக இருக்கும். ஃபோனை வைத்துவிட்டால் பாராட்டுக் கிடைக்கும், நேரம் வீட்டுக்குப் போய்விடும். மகன் சும்மா இருந்தால் "பாவம், காலேஜ் போயிட்டு வந்து களைப்பா இருக்கான்" என்கிற வீடு, மகளுக்கும் அந்தக் களைப்பு இருக்கும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபோனைக் குறைக்கச் சொல்லும் பெற்றோர்கள், குறைத்தால் கிடைக்கும் நேரத்தைப் பிள்ளைகளுக்கே விட்டுக்கொடுக்கத் தயாரா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஷிஃப்ட் 2-இல் படித்துக்கொண்டு காலையில் வேலைக்குப் போகிற நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் என்பதே பெரிய தொகை. சீட்டில் எல்லோரும் லட்ச ரூபாய்ச் சீட்டா போடுகிறார்கள்? பத்தாயிரம் ரூபாய்ச் சீட்டும் உண்டு. டவுன் பஸ்ஸில் போகும் இருபது நிமிஷம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போவதுகூடப் போதும். இடம் இல்லாதவர்களுக்கு ஊர் நூலகம் இருக்கிறது, பார்க் இருக்கிறது, கல்லூரி மரத்தடி இருக்கிறது. எல்லோருக்கும் சரிப்படும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறிவுரை சொல்பவர் முதலில் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சீட்டுத் தனியாள் போடுவதில்லை

சீட்டு வேலை செய்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதில் இருபது பேர் சேர்ந்திருக்கிறார்கள். தனியாக உண்டியலில் போட்டால் நடுவில் உடைத்துவிடலாம். சீட்டில் அது முடியாது. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சோஷியல் மீடியாவில் இது இன்னும் பொருந்தும். அது ஓர் ஆள் பழக்கம் இல்லை, கூட்டுப் பழக்கம். எல்லோரும் இருப்பதால் நாம் இருக்கிறோம். நாம் இருப்பதால் இன்னொருவர் இருக்கிறார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் லியனார்டோ பர்ஸ்டினும் மற்ற பொருளாதார ஆய்வாளர்களும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு செய்து 2023-இல் வெளியிட்டார்கள். நான்கு வாரம் கணக்கை நிறுத்தி வைக்க எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் பயன்படுத்திக்கொண்டிருக்க, நான் மட்டும் நிறுத்துவதென்றால் டிக்டாக்குக்குச் சராசரியாக 59 டாலர், இன்ஸ்டாகிராமுக்கு 47 டாலர் கொடுங்கள் என்பது போல் வந்தது பதில். சரி, உங்கள் கல்லூரியில் எல்லோருமே சேர்ந்து நிறுத்துவதென்றால்? அப்போது கணக்கு தலைகீழாயிற்று. அதற்குத் தாங்களே பணம் கொடுக்கத் தயார் என்றார்கள். டிக்டாக்குக்குச் சராசரியாக 28 டாலர், இன்ஸ்டாவுக்கு 10 டாலர்.

இதை முதலில் படித்தபோது இரண்டு தடவை திரும்பப் படித்தேன். ஒரு பொருளைத் தினமும் பயன்படுத்துகிறவர்களே, அது எல்லோரிடமிருந்தும் போய்விடுவதற்குக் காசு கொடுக்கிறேன் என்கிறார்கள். டீயையோ சோப்பையோ இப்படி யாராவது சொல்வார்களா? பிடித்துப் பயன்படுத்துவதாக நாம் நினைக்கிறோம். பாதி நேரம், தனியாக விட்டுப்போய்விடுவோமோ என்ற பயத்தில்தான் பயன்படுத்துகிறோம்.

நம் அனுபவமும் இதேதான். முதல் நாள் ராத்திரி இன்ஸ்டாவில் சுற்றிய ஒரு மீம் தெரியாவிட்டால் மறுநாள் கேன்டீனில் பேச்சே புரியாது. பிறந்தநாளுக்கு ஸ்டோரி போடாவிட்டால் நண்பன் கோபித்துக்கொள்கிறான். கிளாஸ் குரூப்பை விட்டு வெளியே வந்தால் இன்டர்னல் தேதி மாறியது தெரியாது. இந்த நிலையில் ஒருவர் மட்டும் குறைப்பது, எல்லோரும் எழுந்து நிற்கும் மேட்ச்சில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து பார்ப்பதைப் போல. ஒன்றும் தெரியாது. எல்லோரும் உட்கார்ந்தால் எல்லோருக்கும் தெரியும்.

என்ன செய்யலாம்?

நான் சொல்வது சின்ன விஷயம்தான். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து நேரச் சீட்டு ஒன்று போடலாம்.

1. ஒரு மணி நேரத்தை எல்லோரும் பேசி முடிவு செய்யுங்கள். இரவு 8 முதல் 9 என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் நம் குரூப்பில் யாரும் எதுவும் அனுப்புவதில்லை. அனுப்பினாலும் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. "புளூ டிக் வந்தும் ஏன் பதில் போடலை?" என்ற கேள்வி அந்த நேரத்துக்குச் செல்லாது.

2. அவரவர் என்ன செய்யப்போகிறோம் என்று முந்தைய நாளே முடிவு செய்யுங்கள். தூங்கப்போகிறேன் என்றாலும் சரி. முடிவு செய்யாத நேரத்துக்கு ரீல்ஸ் பட்டா போட்டுவிடும்.

3. கிளாஸ் குரூப்பை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்றில் அட்மின்கள் மட்டும் அனுப்பும்படி வைத்து, டைம்டேபிள், ஃபீஸ், எக்ஸாம் தேதி மட்டும் போடலாம். மீம்ஸ், குட்மார்னிங், சண்டை எல்லாம் இன்னொன்றில். முக்கியமான குரூப்பைத் தவிர மற்றதை மியூட் செய்ய அப்போதுதான் தைரியம் வரும்.

4. மனிதர்கள் நேரடியாக அனுப்புவதைத் தவிர மற்ற நோட்டிஃபிகேஷன்களை நிறுத்திவிடுங்கள். "உங்களுக்காகச் சில வீடியோக்கள்" என்று வருவது எதுவும் உங்களுக்காக வருவது இல்லை.

5. நண்பனின் பிறந்தநாளுக்கு ஸ்டோரி போடுவதற்குப் பதில் ஃபோன் செய்யுங்கள். இரண்டு நிமிஷம்தான் ஆகும். அவனுக்கும் ஞாபகம் இருக்கும்.

ஒரு நாள் கட்டவில்லை என்றால்? மறுநாள் கட்டிக்கொள்ளலாம். இந்தச் சீட்டில் இன்னொரு வசதி, யாரும் பணத்தை எடுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடிப்போக முடியாது :-)

சில கேள்விகள்

"சோஷியல் மீடியாவால் எத்தனை நல்லது நடக்கிறது, தெரியாதா?" தெரியும். நம் வகுப்பிலேயே இன்ஸ்டாவில் பேஜ் வைத்து நகை, புடவை விற்று ஃபீஸ் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் யாருக்கு எங்கே சாப்பாடு வேண்டும், எங்கே படகு வேண்டும் என்று ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும்தான் ஓடியது. சின்ன ஊரில் இருந்துகொண்டு பெரிய ஊர்க்காரர்கள் படிப்பதையெல்லாம் படிக்க வழி செய்ததும் இதுதான். அதனால்தான் விடச் சொல்லவில்லை, அளக்கச் சொல்கிறேன். கடை வைத்திருப்பவர் கடையில் இருக்கும் நேரம் வேலை நேரம். கடை மூடிய பிறகும் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பதைத்தான் கேட்கிறேன்.

"இதற்கெல்லாம் அரசாங்கம் சட்டம் போடலாமே?" போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் சோஷியல் மீடியாவில் கணக்கு வைத்திருக்கக்கூடாது என்ற சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பலன் என்ன என்று போகப்போகத் தெரியும். நாம் இருபது வயதைத் தாண்டியவர்கள். நமக்காக யாரும் சட்டம் போடப்போவதில்லை. ஓட்டுப் போடும் வயது வந்துவிட்டது, நம் சாயங்காலத்தையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"இந்த வயதில் ஜாலியாக இருக்காமல் எப்போது இருப்பது?" நல்ல கேள்வி. ஜாலியாக இருந்தீர்களா என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. நேற்று ராத்திரி ஒரு மணி நேரம் பார்த்த ரீல்ஸில் ஐந்து என்ன என்று இப்போது சொல்லுங்கள். போன மாதம் நண்பர்களோடு போன டூரைப் பற்றிக் கேட்டால் இரண்டு மணி நேரம் பேசுவீர்கள். எது ஜாலி?

டிகிரி மூன்று வருஷம்தான். அதற்குப் பிறகு வேலை, ஷிஃப்ட், இஎம்ஐ என்று நேரத்துக்குப் பல கடன்காரர்கள் வருவார்கள் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். நம் நேரத்தை நாமே முதலில் எடுத்து வைக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல காலம் கிடைக்காது என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், பேசுவோம்.

ஆனால் இரவு 8 முதல் 9-க்குள் மட்டும் வேண்டாம். அது சீட்டுப் பணம்.